ஆம்னி பஸ்: "ஆம்னி"க்கும் "பஸ்"ஸுக்கும் நடுவே இடைவெளி விடலாமா?

அரசலாறு:

வணக்கம். கும்பகோணத்தில் பிளெக்ஸ், வினைல் போர்டு அடிக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். பைபாஸ் ஓரம் டீக்கடை நடத்தும் ஒருவர் நேற்று வந்தார். சென்னை போகிற வண்டிகள் ராத்திரி அவர் கடை வாசலில்தான் நிற்கின்றனவாம், ஆட்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களாம், அதனால் "ஆம்னி பஸ் நிற்கும் இடம்" என்று 8க்கு 4ல் ஒரு போர்டு வேண்டும் என்றார். டிசைன் போட்டு ப்ரூஃப் காட்டிக்கொண்டிருந்தபோது, பேத்தி கல்யாணப் பத்திரிகைக்காக வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "தம்பி, அது ரெண்டு வார்த்தை இல்லை. ஒரே வார்த்தை. லத்தீன். நடுவிலே வெட்டாதே" என்றார்.

டீக்கடைக்காரர் மகன் விடவில்லை. ஆம்னி என்றால் மாருதி ஆம்னி வேன்தான், முதலில் அந்த வேனில் ஆள் ஏற்றினார்கள், பெரிய வண்டி வந்ததும் கூட பஸ்ஸைச் சேர்த்து ஆம்னி பஸ் என்றாக்கிவிட்டார்கள் என்கிறான். எனக்கு எது சரி என்று சொல்லத் தெரியவில்லை. பெரியவர் பத்திரிகை ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. அந்த லத்தீன் வார்த்தைக்கு அர்த்தம் என்ன? அதில் "பஸ்" என்பதற்குத் தனியாக அர்த்தம் உண்டா? நான் இடைவெளி விடலாமா, கூடாதா? நாளை மறுநாள் போர்டு கொடுக்க வேண்டும். எழுத்துத் தொழிலில் இருந்துகொண்டு தப்பாக ஒன்றை 8 அடிக்கு அடித்துத் தொங்கவிட மனசு வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

வெட்டாறு:

தம்பி, பெரியவர் சொன்னது சரி. வேனின் கதை தலைகீழ். அந்த வேன் 1984ல் வந்தது, ஆம்னி என்ற பெயர் அதற்கு 1988ல்தான் வைக்கப்பட்டது. வேனுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்துதான் பெயர் கிடைத்தது, ஆனால் பஸ் அந்த வேனுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது.

முப்பது வருஷம் தமிழ் நடத்தியவன் என்பதால் எனக்குத் தெரிந்த வழியிலேயே சொல்கிறேன். லத்தீனில் ஓம்னிஸ் என்றால் எல்லா, ஒவ்வொரு. நம் மொழியில் பெயர்ச்சொல்லோடு வேற்றுமை உருபு சேர்வது போலவே லத்தீனிலும் சொல்லின் கடைசியில் உருபு சேரும். நான்காம் வேற்றுமைக்கு நமக்கு ஒரே உருபு, கு. அவனுக்கு, ஊருக்கு, மாட்டுக்கு. அவர்களுக்கோ ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று, சொல்லின் வகையைப் பொறுத்தும் மாறும். ஓம்னிஸ் வகைச் சொற்களுக்குப் பன்மையில் வருகிற நான்காம் வேற்றுமை உருபு "புஸ்". அரசர்களுக்கு என்றால் ரேகிபுஸ். கப்பல்களுக்கு என்றால் நாவிபுஸ். குடிமக்களுக்கு என்றால் கீவிபுஸ். எல்லாருக்கும் என்றால் ஓம்னிபுஸ்.

அந்த ஓம்னிபுஸ்தான் ஆங்கிலக்காரன் வாயில் ஆம்னிபஸ் ஆனது. அதாவது வண்டி என்ற பொருள் அந்தச் சொல்லில் எந்த மூலையிலும் கிடையாது. சக்கரம் இல்லை, சாலை இல்லை, ஓட்டம் இல்லை. "எல்லாருக்கும்" என்ற ஒற்றைச் சொல், அவ்வளவுதான்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. "பஸ்" என்பதற்குத் தனியாக என்ன பொருள்? நம் "கு"வுக்கு என்ன பொருளோ அதுதான். எல்லாருக்கும் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, முன்னால் இருக்கிற எல்லாரை அழித்துவிட்டால் மிச்சம் "க்கும்" நிற்குமே, அந்த மிச்சம்தான் பஸ். "நான் பஸ்ஸில் வந்தேன்" என்று சொல்லும்போது ஒரு வேற்றுமை உருபின் மேல் இன்னொரு வேற்றுமை உருபை ஏற்றிச் சொல்கிறோம். இதை நான் முதலில் தெரிந்துகொண்ட நாளில் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். வரிசையாக நிற்கிற வண்டிகளின் நெற்றியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நன்னூல் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் முதல் பொருள் கொடை. இரவலர்க்குப் பொன் கொடுத்தான் என்பது பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு ஒன்று போய்ச் சேருவதைச் சொல்லும் உருபு அது. லத்தீன் இலக்கணக்காரர்களும் இந்த வேற்றுமையை தத்தீவுஸ் என்றார்கள், கொடுத்தல் என்ற வினையிலிருந்து வந்த பெயர். இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதில்லை, ஆனாலும் இலக்கணம் செய்தவர்கள் இரண்டு பக்கமும் கொடுக்கிற கையைத்தான் முதலில் நினைத்திருக்கிறார்கள்.

மாதாகோவில் தெரு:

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணம் சொல்கிறேன். நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 1950ல் பிறந்தவன். எட்டு வயசிலிருந்து கோவிலில் பூசைக்கு உதவி செய்த பையன். அப்போது பூசை முழுக்க லத்தீன். தமிழில் பூசை வந்ததெல்லாம் 1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான். எங்கள் உபதேசியார் லத்தீனைத் தமிழ் எழுத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார், தப்பினால் காதைத் திருகுவார்.

பாவசங்கீர்த்தன மந்திரம் இப்படித் தொடங்கும்: கொன்ஃபித்தேயோர் தேயோ ஓம்னிபொத்தெந்தி. எல்லாம் வல்ல இறைவனுக்கு. கொஞ்சம் தள்ளி வரும்: ஓம்னிபுஸ் சாங்தீஸ். புனிதர் எல்லாருக்கும். ஒரே மந்திரத்தில் முன்னால் ஓம்னி, பின்னால் ஓம்னிபுஸ். முழங்காலில் நின்றபடி தலையை நன்றாகக் குனிந்து சொல்ல வேண்டும், என் பக்கத்தில் நிற்கிற பையன் "ஆம்னிபஸ் சாங்தீஸ்" என்று முணுமுணுப்பான், எங்கள் ஊரில் அப்போது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டே பஸ். அது வேறு இது வேறு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே சொல் என்று எனக்கு எழுபத்தைந்து வயசில் தெரிய வந்திருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. வானவர் கீதத்தில் "எத் இன் தெர்ரா பாக்ஸ் ஓமினிபுஸ்" என்று வரும், உலகில் மனிதர்களுக்குச் சமாதானம். அந்த ஓமினிபுஸ் வேறு சொல், மனிதன் என்ற ஓமோவிலிருந்து வருவது, ஆனால் கடைசியில் நிற்கிற புஸ் அதே புஸ்தான் என்று ஐயா விளக்கத்தைப் பார்த்தால் புரிகிறது. பாடகர் குழுவில் இருந்தவர்கள் இரண்டையும் குழப்பி அடி வாங்கியிருக்கிறோம்.

நம் பக்கத்துக்கும் இந்த மொழிக்கும் உறவு ஒன்றும் புதிதில்லை. தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம் 1716ல் ஜெர்மனியில் ஹாலே ஊரில் அச்சானது, எழுதப்பட்ட மொழி லத்தீன். கொள்ளிடத்துக்கு அக்கரை ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு எழுதிய இலக்கணமும் லத்தீன்தான். நம் "கு"வை லத்தீனில் விளக்கியவர்கள் இருந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு நாம் அவர்கள் "புஸ்"ஸைத் தமிழில் விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

அரசலாறு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி ஐயா. "க்கும்"தான் பஸ் என்பதை டீக்கடைக்காரர் மகனிடம் போனில் சொன்னேன், அவன் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. எல்லாருக்கும் என்கிற வார்த்தையை வண்டிக்கு யார், எதற்காக வைத்தார்கள்? ரோம் நகரத்தில் பஸ்ஸா ஓடியது?

கொள்ளிடக்கரை:

ரோமில் ஓடவில்லை தம்பி. ரோமர்களிடம் வண்டி வகைகளுக்கு நிறையப் பெயர் இருந்தது, அவற்றில் ஓம்னிபுஸ் கிடையாது. அது வண்டிப் பெயரானது பிரான்சில், 19ஆம் நூற்றாண்டில். இது நான் விரும்பிப் படித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரான்சின் மேற்கே லுவார் ஆற்றங்கரையில் நாந்த் என்று ஒரு ஊர். அங்கே ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஊருக்கு வெளியே ரிஷ்பூர் பகுதியில் நீராவியில் ஓடுகிற மாவு மில் வைத்திருந்தார். மில்லில் மிச்சமாகிற வெந்நீரை வீணாக்குவானேன் என்று பக்கத்திலேயே ஒரு வெந்நீர்க் குளியல் நிலையம் திறந்தார். ஊருக்குள்ளிருந்து அவ்வளவு தூரம் யார் நடந்து வருவார்கள்? அதனால் 1826ல் ஊர் நடுவிலிருந்து குளியல் நிலையத்துக்குக் குதிரை வண்டி விட்டார். வண்டி நிறைந்தது. ஆனால் குளிக்க வந்தவர்கள் கொஞ்சம்தான். நடுவழியில் ஏறுகிறார்கள், நடுவழியில் இறங்குகிறார்கள், குளியல் நிலையம் வரைக்கும் வருவதே இல்லை. ஜனங்களுக்கு வேண்டியது வெந்நீர் இல்லை, வழியில் ஏறி வழியில் இறங்க ஒரு வண்டி என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. குளியல் நிலையத்தை விட்டுவிட்டு வண்டித் தொழிலைப் பிடித்துக்கொண்டார். 1828ல் பாரிஸில் அனுமதி வாங்கி ஓட்டினார்.

பிரெஞ்சில் "வுவாத்யூர் ஓம்னிபுஸ்" என்றார்கள், எல்லாருக்குமான வண்டி. நாளாவட்டத்தில் வண்டி என்ற முதல் சொல் உதிர்ந்து "எல்லாருக்கும்" மட்டும் நின்றது. நாந்தில் ஓம்னெஸ் என்ற தொப்பிக் கடைக்காரர் தன் பெயரை வைத்து "ஓம்னெஸ் ஓம்னிபுஸ்", எல்லாம் எல்லாருக்கும் என்று போர்டு மாட்டியிருந்தார், வண்டி அந்த வாசலில் நின்றதால் பெயர் ஒட்டிக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். போர்டு அடிக்கிற உனக்குப் பிடிக்கும் என்பதால் சொன்னேன்.

பாரிஸில் கோச்சு வண்டி கட்டிப் பழகிய ஜார்ஜ் ஷில்லிபியர் என்ற ஆங்கிலேயர் இதே யோசனையை லண்டனுக்குக் கொண்டுபோனார். 1829 ஜூலை 4ஆம் தேதி பாடிங்டனிலிருந்து பேங்க் என்ற பகுதி வரை. மூன்று குதிரை, 22 பேர், கட்டணம் ஒரு ஷில்லிங். வண்டியின் பக்கவாட்டில் ஆம்னிபஸ் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. நீளமான சொல்லை ஜனங்கள் எவ்வளவு நாள் இழுப்பார்கள்? 1830களிலேயே முன்பாதி உதிர்ந்து பஸ் மட்டும் மிஞ்சிவிட்டது.

ஆனால் என் மனதில் நிற்பது இதற்கும் முந்தைய ஒன்று. 1662 மார்ச் 18ஆம் தேதி, அதே பாரிஸில், கணித மேதை பிளேஸ் பாஸ்கல் முன்னின்று வாடகைக் கோச்சு வண்டிகளைக் குறிப்பிட்ட பாதையில், குறிப்பிட்ட நேர இடைவெளியில் ஓட வைத்தார். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி கிளம்பும். கட்டணம் ஐந்து "சோல்", அது அந்தக் காலத்து பிரெஞ்சுச் சில்லறைக் காசு. இன்று நாம் ரூட் பஸ் என்று சொல்வதன் எல்லா அம்சமும் அதில் இருந்தது. ஆனால் பாரிஸ் நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டது: படைவீரர்கள், வேலைக்காரப் பையன்கள், கூலியாட்கள் ஏறக் கூடாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாஸ்கல் இறந்தார், பின்னாளில் வண்டியும் நின்றுபோனது. 160 வருஷத்துக்கு மேல் கழித்து அதே ஊரில் அதே யோசனை திரும்பி வந்தபோது நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்த சொல் எது பாருங்கள். எல்லாருக்கும். முதல் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த உருபு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சப்ஸ்டேஷன்காரன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மன்னார்குடிப் பக்கம் மின்சார வேலையில் இருக்கிறேன். துணைமின் நிலையத்தில் எல்லா லைனுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற அலுமினிய, செம்புப் பட்டைக்கு பஸ்பார் என்று பெயர். அதற்கும் நாலு சக்கர பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று டிரெய்னிங்கில் கேட்டபோது யாரும் சொல்லவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அது ஆம்னிபஸ் பார். எல்லா இணைப்புக்கும் பொதுவான பட்டை. கம்ப்யூட்டருக்குள்ளே பஸ் என்பார்களே, அதுவும் இதே வழி. போன் சார்ஜரில் இருக்கிற யு.எஸ்.பி.யின் கடைசி எழுத்தும் அந்த பஸ்தான். வெட்டாறு ஐயா சொன்ன "கு" என் சட்டைப் பையிலும் இருக்கிறது.

கடைமடை:

எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நமக்குத் தேர் இருக்கிறது, வண்டி இருக்கிறது, சகடம், சாகாடு எல்லாம் பழைய நூல்களிலேயே இருக்கிறது, பேருந்து என்று அழகான சொல் இருக்கிறது. லத்தீன்காரன் கால்வாசிச் சொல்லுக்கு இத்தனை கொண்டாட்டம் எதற்கு? திருவாரூர் ஆழித்தேர் 96 அடி, 300 டன். அதைவிட எல்லாருக்குமான வண்டி எது? அம்பாரமாகக் கிடக்கிற வடத்தை ஊரே பிடித்து இழுக்கிறது, யாருக்கும் டிக்கெட் இல்லை. பேசாமல் போர்டில் "பேருந்து நிற்கும் இடம்" என்று போடச் சொல்லுங்கள் தம்பியை.

வெட்டாறு:

கோபம் எதற்கு, நல்ல கேள்வி. பேருந்து எனக்கும் பிடித்த சொல். பெருமை + உந்து. ஈறு போய், முதல் எழுத்து நீண்டு, பேருந்து. பெருமை + ஊர் பேரூர் ஆனது போலத்தான், வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். உந்து என்றால் தள்ளு, செலுத்து. ஆக நம் சொல் வண்டி எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்கிறது, லத்தீன் சொல் வண்டி யாருக்காக ஓடுகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் தெரிந்துகொள்வதில் நமக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

மற்ற வண்டிப் பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கே சிலர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். கார் என்ற சொல் லத்தீனில் கார்ருஸ், ஆனால் ரோமர்களுக்கே அது சொந்தம் இல்லை, இன்றைய பிரான்ஸ் பக்கத்தில் அப்போது வாழ்ந்த "கால்" (Gaul) இனத்தவரிடமிருந்து வாங்கியது. பயணத்துக்கான நாலு சக்கர வண்டியை ரேதா என்றார்கள், அதுவும் அப்படித்தான். பெத்தோரித்தும் என்று இன்னொன்று, அதுவும் கால் மொழிதான், நாலு சக்கரம் என்றே பொருள். ரோமாபுரிப் பேராசிரியர் குவிந்திலியன், ரேதாவும் பெத்தோரித்துமும் கால் மொழியிலிருந்து வந்தவை என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் வண்டிப் பெயரைப் பக்கத்து ஊரில் கடன் வாங்கியது, அதனால் அதன் பெருமை குறையவில்லை. நாம் பஸ் என்று சொல்வதும் அப்படித்தான்.

கோவில் வாகனம் என்கிறோமே, ரிஷப வாகனம், யானை வாகனம், அந்த வாகனம் வடமொழியில் சுமத்தல் என்ற வினையிலிருந்து வருவது. லத்தீனில் சுமந்து செல்வதற்கு வேஹெரே, அதிலிருந்து வேஹிகுலும், ஆங்கிலத்தில் வெஹிகிள். இரண்டும் ஒரே வேர். ரதம் என்பதும் லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் ரோத்தாவும் உறவு. தேர் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது, அது நம்முடையது.

மகாமகக்குளம் வடகரை:

ஐயா, நீங்கள் ரதம் என்றதும் எனக்கு ஒன்று பொறி தட்டியது. எங்கள் வீட்டில் தினம் ஸ்ரீருத்ரம் பாராயணம் உண்டு. அதில் நான்காவது அனுவாகத்தில், அதாவது நான்காவது பகுதியில், "நமோ ரதிப்யோ அரதேப்யஸ்ச" என்று வரும். ரதம் உள்ளவர்களுக்கும் நமஸ்காரம், ரதம் இல்லாதவர்களுக்கும் நமஸ்காரம். அந்த "ப்யஹ" வடமொழியில் பன்மைக்கு வருகிற நான்காம் வேற்றுமை உருபு. லத்தீன் "புஸ்"ஸும் வடமொழி "ப்யஹ"வும் சகோதர உருபுகள் என்று கல்லூரியில் மொழியியல் வகுப்பில் படித்திருக்கிறேன், படித்ததோடு சரி, இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. எல்லாருக்கும் என்பது வடமொழியில் சர்வேப்யஹ. அப்படியானால் மாதாகோவில் தெரு ஐயா சின்ன வயசில் முழங்காலில் நின்று சொன்னதிலும், என் தாத்தா ஈர வேட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து சொன்னதிலும், மகாமகக்குளத்தைச் சுற்றிப் போகிற டவுன் பஸ்ஸிலும் ஒரே குடும்பத்து உருபு இருக்கிறது. வடம் பிடிக்கிற கூட்டத்தைப் பற்றிக் கடைமடை அண்ணன் சொன்னாரே, தேர் உள்ளவர் இல்லாதவர் என்று அந்த வரி சொல்வதும் அவர்களைத்தான் என்று எனக்குப் படுகிறது.

மாதாகோவில் தெரு:

தம்பி, உங்கள் தாத்தா சொன்ன அந்த வரியை இப்போது ரெண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றி.

படிக்கட்டு:

நான் ஓய்வுபெற்ற கண்டக்டர். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் ரூட்டில் கடைசிப் பத்து வருஷம். வார்த்தை ஆராய்ச்சி எனக்கு வராது, ஆனால் சட்டம் கொஞ்சம் தெரியும், அதைச் சொல்கிறேன், ஏனென்றால் போர்டில் எழுதப்போவது ஆம்னி பஸ்.

1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தில் 2ஆம் பிரிவில் 29ஆவது விளக்கம் ஆம்னிபஸ். டிரைவரைச் சேர்க்காமல் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லக் கட்டிய எந்த மோட்டார் வண்டியும் ஆம்னிபஸ்தான். அந்தக் கணக்கில் நான் ஓடிய டப்பா வண்டியும் ஆம்னிபஸ். ஆனால் நம் ஊரில் ஜனங்கள் அந்தப் பேரைத் தனியார் தொலைதூர வண்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வண்டிகள் ஓடுவது ஒப்பந்த ஊர்தி பெர்மிட்டில். ஒப்பந்த ஊர்தி என்றால், முன்னாலேயே பேசி முடித்த ஆட்களை இந்த இடத்தில் ஏற்றி அந்த இடத்தில் இறக்க வேண்டும், வழியில் கை காட்டுகிறவரை ஏற்றக் கூடாது, இறக்கவும் கூடாது. நாங்கள் ஓடியது நிலை ஊர்தி, ஸ்டேஜ் கேரேஜ் என்பார்கள். அதில் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஆள் ஏறலாம், இறங்கலாம், தனித்தனி டிக்கெட்.

கொள்ளிடக்கரை அண்ணன் எழுதிய அந்த மில் முதலாளி கண்டுபிடித்தது எது? வழியில் ஏறி வழியில் இறங்குவது. அது ஆம்னி பஸ் என்று பேர் வைத்திருக்கிற வண்டியில் இல்லை, பேர் இல்லாத எங்கள் வண்டியில்தான் இருந்தது. விடியக்காலை நாலரை மணிக்கு வேதாரண்யத்தில் கிளம்பினால் கரியாப்பட்டினம் வருவதற்குள் மீன் கூடை நாலு ஏறும், தண்ணி சொட்டும், வெள்ளைச் சட்டைக்காரர் முகம் சுளிப்பார், அந்தம்மாள் கூடைக்குக் கீழே உர சாக்கை மடித்துப் போட்டு "தள்ளி உட்காருங்க தம்பி, சொட்டாது" என்பார். நடவு சீசனில் ஒரு ஸ்டாப்பில் பதினஞ்சு பேர், அடுத்த ஸ்டாப்பில் அத்தனை பேரும் சேற்றுக் காலோடு இறங்குவார்கள். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாஸைக் காட்டிக்கொண்டு. 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. எல்லாருக்கும் என்று ஒரு வார்த்தை இருந்தால் அது அந்த வண்டிக்கு உரியது, நான் சொல்வது இதுதான்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. போன வருஷம் பொங்கலுக்கு மகள் சென்னையிலிருந்து வர டிக்கெட் கிடைக்காமல் தனியார் வண்டியில் வழக்கமான கட்டணத்தைப்போல மூணு மடங்கு கொடுத்து வந்தாள். எந்த வண்டி என்று சொல்ல வேண்டாம். டிக்கெட்டின் தலையில் பெரிசாக ஆம்னி என்று போட்டிருந்தது. இன்றைக்கு அதன் அர்த்தம் தெரிந்ததும் அந்த டிக்கெட்தான் முதலில் ஞாபகம் வந்தது.

வெட்டாறு:

படிக்கட்டு அவர்களே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இலக்கணப்படியும் உங்கள் பக்கமே ஒரு நியாயம் இருக்கிறது. ஆம்னி பஸ் என்ற பெயரில் லத்தீன் சொல் முழுசாக இருக்கிறது, டவுன் பஸ், ரூட் பஸ் என்பவற்றில் உருபு மட்டும்தான் மிச்சம். எல்லாருக்கும் என்பதில் எல்லாரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், கொடுக்கிற "கு" உங்கள் வண்டிக்கு வந்துவிட்டது. நன்னூல் முதல் பொருளாகக் கொடையைச் சொன்ன உருபு.

தம்பி அரசலாறு, உன் மூன்றாவது கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. பிறந்த வீட்டில் அது ஒரே சொல், பெரியவர் சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் புகுந்த வீட்டில் பஸ் தனிச் சொல்லாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஸ்ஸுக்கு, பஸ்ஸில், பஸ்கள் என்று நம் உருபெல்லாம் ஏற்றுக்கொண்டு தமிழாகவே வாழ்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஓடி வருகிறவர் கண்ணுக்கு ஆம்னி பஸ் என்று பிரித்துப் போட்டால்தான் "பஸ்" சட்டென்று படும். இடைவெளி விடு. எழுத்தைப் பெரிசாகப் போடு.

அரசலாறு:

எல்லாருக்கும் நன்றி. போர்டு இன்று காலை மாட்டியாயிற்று. பெரியவர் பத்திரிகை வாங்க வந்தபோது இங்கே எழுதியிருந்ததை முழுக்கப் படித்துக் காட்டினேன். மாதாகோவில் தெரு ஐயா எழுதியதை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். "இடைவெளி விட்டுக்கோ, வாத்தியார் சொல்றது சரி" என்று அவரே சொல்லிவிட்டார்.

டீக்கடைக்காரரிடம் ப்ரூஃபில் கடைசி ஓ.கே. வாங்கும்போது இந்த வார்த்தைக்கு இதுதான் அர்த்தம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடை வாசலில் டவுன் பஸ்ஸும் நிற்குமாம், காலையில் கீரைக்கட்டோடு வருகிற பெண்கள் அங்கேதான் ஏறுகிறார்களாம். "அப்போ அதையும் போட்டுரு தம்பி" என்றார். "ஆம்னி பஸ் நிற்கும் இடம்", அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் "டவுன் பஸ்ஸும் நிற்கும்". 8க்கு 4 போதவில்லை, 8க்கு 5 ஆக்கினோம். கூடுதல் ஒரு அடிக்கு நான் காசு வாங்கவில்லை.